பொக்காஷித் தவிடு: அடுக்குமாடிச் சமையலறையில் ஒரு மதிப்பீடு

பொக்காஷி என்பது சமையலறைக் கழிவைக் காற்றுப் புகாத வாளியில் நொதிக்கவைக்கும் ஜப்பானிய முறை. இம்முறையில் கழிவை உரமாக்க விரும்புவோருக்காகச் சிங்கப்பூர்ச் செடிக்கடைகளில் விற்கப்படும் பொக்காஷித் தவிடு, முழுக்க முழுக்க ஆலைக் கழிவில் வளர்ந்த நுண்ணுயிர்களைச் சுமந்து வருகிறது. அரிசி அல்லது கோதுமை ஆலையில் மிஞ்சும் தவிட்டையும் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகையும் தின்று லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெருகுகின்றன. காற்றுப் புகாமல் சுமார் இரண்டு வாரம் நொதிக்கவிட்டுப் பிறகு உலர்த்தினால், மாதக்கணக்கில் கெடாத தவிடு கிடைக்கிறது. இந்த நுண்ணுயிர்க் கலவையை 1980களில் பரப்பியவர் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவிலுள்ள ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் தெருவோ ஹிகா.

நான் வாங்கிய பையைப் பிரித்ததும் நீராகாரத்தைப் போன்ற இளம்புளிப்பு வாடை எழுந்தது. அதுவே நல்ல சரக்குக்கு அடையாளம். தவிட்டில் எண்ணெய்ச் சத்து உண்டு என்பதால், பழைய சரக்காக இருந்தால் சிக்கு வாடைதான் முந்திக்கொண்டு வரும். குழாய் பொருத்திய வாளியில் முருங்கைச் சக்கை, வாழைப்பழத்தோல், மீன்முள் என ஒவ்வோர் அடுக்கின்மீதும் ஒரு கைப்பிடி தவிட்டைத் தூவி அழுத்தி மூடிவைத்தபோது, மேலே வெண்பூஞ்சை படர்ந்ததே தவிர, ஈயும் புழுவும் வரவில்லை. பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை படர்ந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று பொருள். வடியும் நீரை நூறு மடங்கு தண்ணீரில் கலந்து கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊற்றலாம்; அப்படியே ஊற்றினால் அதன் அமிலம் வேரைக் கருக்கிவிடும்.

பையின் சீட்டு மட்டும் ஏமாற்றமளித்தது. "உயிருள்ள நுண்ணுயிர்கள்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டவர்கள், எந்த இனம் என்பதையோ தயாரித்த தேதியையோ குறிப்பிடவில்லை. உயிருள்ள பொருளுக்கு விலை வைக்கும்போது இவ்விரண்டையும் சொல்வதுதான் முறை. தவிடும் இறக்குமதியாம். தோஃபு, சோயாப்பால் ஆலைகளிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 டன் சோயாச் சக்கை வெளிவரும் ஊரில் இது வியப்பாக இருக்கிறது. அந்தச் சக்கையில் நன்மை செய்யும் பாக்டீரியாவை வளர்த்துச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பானமே தயாரித்திருக்கிறார்கள். ஈரச்சக்கை விரைவில் ஊசிப்போகும் என்பதால் உலர்த்தும் செலவு கூடும்தான். ஆயினும் உள்ளூர்த் தயாரிப்பு ஒன்று வந்தால் முதலில் அதையே வாங்குவேன்.

வாங்குமுன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வாளியிலிருந்து வெளிவருவது ஊறிய கழிவுதான், முற்றிய உரமன்று. மண்ணில் புதைத்து மேலும் சில வாரம் விட்டால்தான் அது மட்கும். புளோக்கின் கீழே சமூகத் தோட்டம் இருந்து, அங்குள்ளவர்கள் ஒரு மூலையை ஒதுக்கித் தந்தால் தாராளமாக வாங்கலாம். இல்லாவிட்டால், மண் நிரப்பிய பெரிய தொட்டி ஒன்றுக்கு வீட்டில் இடமிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.