மனிடோபா பறவைப் பயணம்: 3,840 டாலர் போய்விட்டது, நீங்களாவது ஏமாறாதீர்கள்

கனடாவின் மனிடோபா மாநிலத்துக்குப் பறவை பார்க்கப் போய்த் திரும்பி வந்து எட்டு நாள் ஆகிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இன்று காலையும் எங்களை ஏமாற்றிய வழிகாட்டியின் எண்ணுக்கு அழைத்தேன். மணி ஒருமுறை அடித்து அறுந்தது. என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டான் என்று இப்போதுதான் உறைக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். இரண்டு பேருக்கு 3,840 கனடிய டாலர். ரூபாயில் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

அப்பா ஏப்ரலில் செங்கல்பட்டிலிருந்து டொராண்டோவுக்கு என்னிடம் வந்தார். வயது எழுபத்திரண்டு. நான் சிறுமியாக இருந்தபோது மார்கழி விடியலில் பஸ் ஏற்றி வேடந்தாங்கலுக்கு அழைத்துப்போய், ஊசிவால் வாத்தையும் தட்டைவாயனையும் தொலைநோக்கியில் காட்டியவர். இவை எல்லாம் வடக்கே போய்த்தான் குஞ்சு பொரிக்கும் என்று அப்போதே சொல்வார். நம் ஊருக்கு வருபவை ஆசியாவின் வடக்கிலிருந்து வருபவை. ஆனால் அதே இனங்கள் கனடாவின் புல்வெளிக் குட்டைகளிலும் கூடு கட்டுகின்றன. வாத்துகளை அவற்றின் கூட்டோடு ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

வழிகாட்டிகளையும் பயணிகளையும் சேர்த்துவைக்கும் ஓர் இணையதளத்தில்தான் அந்த ஆளைப் பிடித்தேன். ஆறு நாள், ஐந்து இரவு. ஆறு பேருக்கு மேல் கிடையாது. முதல் மூன்று இரவு ரைடிங் மவுண்டன் தேசியப் பூங்காவில், ஏரிக்கரைக் குடிலில் தங்கல். வடக்கின் ஊசியிலைக் காடும் ஆஸ்பென் தோப்புகளும் புல்வெளியும் ஒன்றோடொன்று கைகோக்கும் இடம் அது. அடுத்த இரண்டு இரவு மின்னடோசா என்ற ஊரின் பக்கத்துக் குட்டைகள். பனியுகத்துப் பனிப்பாறைகள் உருகிப் போனபோது விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான சிறு பள்ளங்கள் அவை. வட அமெரிக்க வாத்துகளில் பெரும் பங்கு பிறப்பது இப்படிப்பட்ட குட்டைகளில்தான். ரெட்ஹெட் என்ற செந்தலை வாத்து, கேன்வாஸ்பேக் வாத்தின் கூட்டிலும் தன் முட்டையை இட்டுவிட்டுப் போகும். அப்பா அதைப் படித்துவிட்டு நாலு நாள் அதே பேச்சாக இருந்தார்.

நான் நம்பிய கணத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் விழுவது அங்கேதான். மார்ச்சில் காணொளி அழைப்பில் பேசினான். தன் குறிப்பேட்டை விரித்துக் காட்டினான், பென்சிலில் வரைந்த கிரேட் கிரே ஆந்தை. மனிடோபாவின் மாநிலப் பறவை அது. 1987 முதல் அந்தப் பெருமை. கையகலப் பனிக்கு அடியில் ஓடும் எலியைக் காதாலேயே கண்டுபிடித்துப் பாயும் என்று அவன் விவரித்தபோது எனக்கே சிலிர்த்தது. பிறகு அவனாகவே கேட்டான்: உங்கள் தந்தைக்கு முழங்கால் எப்படி, அதிக தூரம் நடப்பாரா? வலி உண்டு என்றேன். கவலைப்படாதீர்கள், அவருக்கென்று மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுவருகிறேன் என்றான். அந்த நாற்காலியில் விழுந்தேன் நான். அடுத்த நிமிடமே, தளத்தின் வழியாகக் கட்டினால் 4,300, நேரடியாக அனுப்பினால் 3,840 என்றான். மார்ச்சில் 1,920, மே மாதம் 1,920, இரண்டையும் வங்கியிலிருந்து மின்பரிமாற்றமாக அனுப்பினேன்.

ஜூன் 8, மனிடோபாவின் தலைநகர் வின்னிபெக். விடியற்காலை நாலரைக்கு விடுதி வாசலில் நிற்கச் சொல்லியிருந்தான். நின்றோம். குளிர். வேன் வந்தது ஒன்பதேகால் மணிக்கு. ஓட்டிவந்தவன் வேறொரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கலாம். உள்ளே எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர். வழிகாட்டி பூங்காவில் காத்திருக்கிறார் என்றான். பூங்காவில் யாரும் காத்திருக்கவில்லை. கடைசிவரை அவன் முகத்தையே நாங்கள் பார்க்கவில்லை.

முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஸ்கோப் கிடையாது. மடக்கு நாற்காலி கிடையாது. தங்கல் ஏரிக்கரையில் அல்ல, ஒரு மணி நேரம் தள்ளி, பிராண்டன் என்ற ஊரில் நெடுஞ்சாலை ஓர மோட்டலில். பறவை பார்ப்பவர்களுக்கு இதன் பொருள் தெரியும். ஜூனில் அங்கே காலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். விடிந்து இரண்டு மூன்று மணி நேரம்தான் காடு பாடும். எங்களைக் காலை உணவு முடித்து எட்டரைக்குக் கிளப்பி, பத்து மணிக்குக் காட்டில் இறக்கினார்கள். அந்த நேரத்தில் எங்கள் காதில் விழுந்தது கொசு மட்டும்தான். வழியில் ஒரு குட்டையில் நீல அலகும் விறைத்த வாலுமாக ரடி வாத்து ஒன்று நின்றது. அந்தப் பையனுக்குப் பெயர் தெரியவில்லை. அப்பாதான் தன் தொலைநோக்கியைக் கைமாற்றி, மற்ற ஒன்பது பேருக்கும் காட்டினார்.

இரண்டாம் நாள் நடந்ததை என்னால் மன்னிக்க முடியாது. ஆஸ்பென் மரங்களுக்கு இடையே ஒரு புதர்வெளி. பையன் கைப்பேசியை ஒலிபெருக்கியோடு இணைத்து, கோல்டன்-விங்டு வார்ப்ளரின் குரலைப் போட்டான். கனடாவில் அழிவு அச்சுறுத்தலில் உள்ள இனம் என்று அரசே பட்டியலிட்டிருக்கும் பறவை. ஒரு நிமிடத்தில் ஆண் பறவை வந்துவிட்டது. கைக்கெட்டும் கிளை. பொன் நெற்றி, கறுத்த தொண்டை, சிறகில் மஞ்சள் தீற்றல், எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. அலகு திறந்தே இருந்தது. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்று எண்ணி அந்தச் சின்ன உயிர் கிளைக்குக் கிளை தாவித் தேடியது. பையன் மறுபடி போட்டான், மறுபடி போட்டான், எல்லோரும் படம் எடுக்க வேண்டுமாம். அப்பா எழுந்துபோய் அவன் மணிக்கட்டைப் பிடித்து, போதும் தம்பி என்றார், தமிழிலேயே. அவனுக்குப் புரிந்தது. நிறுத்தினான்.

மூன்றாம் நாள் மதியம், மழையில் மண் சாலைகள் கெட்டுவிட்டன, குட்டைப் பகுதிக்குப் போக முடியாது என்று சொல்லி நேராக வின்னிபெக்குக்குத் திருப்பிவிட்டார்கள். பத்துத் துளி மழை. ஐந்து இரவில் இரண்டுதான் கிடைத்தது. மின்னடோசா குட்டைகளில் ஒரு காலைப்பொழுதுகூடக் கிடைக்கவில்லை. அந்தக் குட்டைகளுக்காகத்தான் 3,840 டாலர் கட்டினேன்.

மறுநாள் நானே கார் வாடகைக்கு எடுத்து, வின்னிபெக்கிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் ஓக் ஹம்மக் சதுப்புநிலத்துக்கு அப்பாவை அழைத்துப்போனேன். சம்புத் தண்டின் உச்சியில் மஞ்சள் தலைக் கரும்பறவை உட்கார்ந்து, எண்ணெய் காணாத கதவுக் கீல் போலக் கத்திக்கொண்டிருந்தது. ஆழமில்லாத நீரில் ஃபாலரோப் என்ற நீர்ப்பறவை ஒன்று பம்பரமாகச் சுற்றிச் சுற்றி இரையைக் கிளப்பியது. அப்பா இரண்டு மணி நேரம் நகரவில்லை. இதற்கு வழிகாட்டியே தேவைப்படவில்லை. ஊர் கிளம்பும் முன் அவர் நோட்டில் நாற்பது பெயர் எழுதிவைத்திருந்தார். பதினொன்றில்தான் கோடு விழுந்திருக்கிறது, அதிலும் ஆறு அந்த ஒரே மாலையில்.

இனி தட்டிக்கழித்த கதை. முதல் அழைப்பில், காட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், மாலையில் கூப்பிடுகிறேன் என்றான். கூப்பிடவில்லை. இரண்டாம் முறை, வானிலைக்கு யார் பொறுப்பு, பறவைக்கு உத்தரவாதம் தர முடியுமா என்று எனக்கே பாடம் எடுத்தான். ஆந்தை வரவில்லை என்றா நான் கேட்டேன்? மூன்று இரவும் மூன்று நாளும் எங்கே, வழிகாட்டி எங்கே, ஏரிக்கரை அறை எங்கே என்று கேட்டேன். மூன்றாம் முறை, அடுத்த ஜூனில் வாருங்கள், பதினைந்து சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்றான். அப்பா ஜூலை 9 விமானத்தில் ஊருக்குப் போகிறார். அவருக்கு அடுத்த ஜூன் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இணையதளத்துக்கு எழுதினேன். முதலில் இயந்திரத்தின் பதில். நாலு நாள் கழித்து ஒரு மனிதரின் பதில்: பணம் எங்கள் வழியாக வராததால் இதில் எங்களுக்குப் பொறுப்பு இல்லை. நான் இட்ட விமர்சனத்தையும், பதிவு உறுதி செய்யப்படவில்லை என்று காரணம் சொல்லி நீக்கிவிட்டார்கள். அந்த ஆளின் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் அப்படியே மின்னுகிறது. வங்கியோ, அவர் கணக்கில் விழுந்துவிட்ட மின்பரிமாற்றத்தைத் திரும்ப இழுக்க வழியில்லை என்று கைவிரித்தது. 3,840 டாலரில் ஒரு டாலர்கூட வரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கடன் அட்டையில் மட்டும் கட்டுங்கள், அதில்தான் பிறகு முறையிட வழி உண்டு. தேசியப் பூங்காவுக்குள் காசு வாங்கி வழிகாட்ட, பூங்காக்களை நடத்தும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடாவின் வணிக உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். நான் கேட்டது பயணம் முடிந்த பிறகு, அதற்குப் பதிலே வரவில்லை. பயண முகவர்களுக்கான உரிமச் சட்டமும் இழப்பீட்டு நிதியும் ஒன்டாரியோ, கியூபெக், பிரிட்டிஷ் கொலம்பியா ஆகிய மூன்று மாநிலங்களில்தான் இருக்கின்றன. மனிடோபாவில் இல்லை. தங்குமிடத்தின் பெயரை எழுத்தில் வாங்கி, அந்த விடுதிக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள்.

ஜூலைப் பயணத்துக்கு இப்படி யாரிடமாவது முன்பணம் கட்டியவர்கள் இன்றே அந்த விடுதியை அழையுங்கள். அட்டையில் கட்டியிருந்தால், நாளை வரை பொறுக்காமல் அட்டை கொடுத்த வங்கியிடம் பேசிவிடுங்கள்.