பெருங்குடல் புற்றுக்கட்டியின் மரபணுப் பரிசோதனை: ஒரு நோயாளியின் குடும்பத்திலிருந்து மதிப்புரை

என் அண்ணனுக்குப் பெருங்குடலின் இடப்பக்க வளைவில் இருந்த கட்டியை அறுவை செய்து அகற்றிய சில வாரங்களிலேயே, அது கல்லீரலில் இரண்டு இடங்களுக்குப் பரவியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. கீமோதெரபியோடு வேறு எந்த மருந்தைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதற்கு முன், கட்டியின் மரபணுக்களைப் பரிசோதிக்கும்படி மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒரே முறையில் வாசிக்கும் சோதனையை ஒரு தனியார் ஆய்வகத்தில் செய்துகொண்டோம். எங்களைப் போல் அவசரத்திலும் அச்சத்திலும் பணம் கட்டப்போகும் குடும்பங்களுக்கு, இந்தச் சேவை எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

இதற்காக அண்ணனின் உடலிலிருந்து புதிதாக எதையும் எடுக்கவில்லை. அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து மருத்துவமனையின் நோயியல் துறை பாதுகாத்து வைத்திருக்கும். 'பிளாக்' என்று அவர்கள் சொல்லும் அந்த மெழுகுக் கட்டியை நாமே கேட்டு வாங்கி அனுப்பிவிட்டால் போதும். பன்னிரண்டு நாட்களில் அறிக்கை வரும் என்றார்கள். பத்தொன்பது நாட்கள் ஆயின. நாங்கள் அனுப்பிய முதல் பிளாக்கில் புற்றுச்செல்கள் போதிய அளவு இல்லை என்பதுதான் தாமதத்திற்குக் காரணம். ஆனால் அதை அவர்களாக எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. எட்டாம் நாள் நானே தொலைபேசியில் கேட்ட பிறகுதான் வேறு பிளாக் அனுப்பச் சொன்னார்கள். சிகிச்சை தொடங்கக் காத்திருக்கும் ஒருவருக்கு ஒரு வாரம் எவ்வளவு நீளமானது என்பதை அந்த ஆய்வகம் உணர வேண்டும்.

அறிக்கையில் எங்கள் பணத்திற்கு முழுப் பயன் தந்தது மூன்றாம் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு வரிதான்: கே-ராஸ் மரபணுவில் ஜி12டி மாற்றம் உள்ளது. கே-ராஸ் உருவாக்கும் புரதம், 'வளர்' என்னும் கட்டளையைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே கடத்தும் ஒரு சுவிட்ச். வேலை முடிந்ததும் அது தானே அணைந்துவிட வேண்டும். அதன் பன்னிரண்டாம் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாக ஆஸ்பார்ட்டிக் அமிலம் வந்து அமர்ந்துவிட்டால், அது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். செட்டுக்சிமாப், பானிட்டுமுமாப் ஆகிய மருந்துகள், அந்தக் கட்டளையை வாங்கும் வாசலாகச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஈ.ஜி.எஃப்.ஆர். ஏற்பியை அடைப்பவை. உள்ளே சுவிட்ச் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும்போது வாசலை அடைத்துப் பயனில்லை. இடப்பக்கக் கட்டிகளில் இவை கூடுதல் பயன் தரும் என்பதால் அண்ணனுக்கு இந்த வகை மருந்துதான் முதலில் பரிசீலனையில் இருந்தது. பெருங்குடல் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்குக் கே-ராஸ் மாற்றம் காணப்படுகிறது. அவர்களுக்கு இம்மருந்துகளைக் கொடுத்தால் தோல் வெடிப்பும் செலவும் மிஞ்சுமே தவிர நோய் குறையாது. இந்த ஒரு வரி அதிலிருந்து அண்ணனைக் காப்பாற்றியது.

எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி வேறு: இது ஏன் பரவியது, இன்னும் பரவுமா? அதற்கான பதிலைத் தேடி அறிக்கையைப் புரட்டுபவர்கள் ஏமாற்றமடைவார்கள். ஏ.பி.சி., கே-ராஸ், டி.பி.53 போன்ற மரபணுக்களில் மாற்றங்கள் படிப்படியாகச் சேர்வதால் சாதாரணத் திசு புற்றாகிறது என்பதை ஃபியரான், ஃபோகல்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990-இல் விளக்கினார்கள். பிறகு, குடலில் உள்ள கட்டியையும் கல்லீரலுக்குப் போன கட்டியையும் அருகருகே வைத்து ஒப்பிட்டபோது, முக்கியமான மாற்றங்கள் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. பரவுவதற்கென்றே எல்லா நோயாளிகளிடமும் காணப்படும் தனி மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. பரவலில் பெரும்பங்கு வகிப்பது மரபணுவின் எழுத்து மாறுவதைவிட அது எவ்வளவு உரக்கப் பேசுகிறது, அதாவது எந்த அளவு செயல்படுகிறது என்பதே. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற புரதம் குறையும்போது செல் தன் கூட்டத்திலிருந்து பிரிகிறது. 2009-இல் பெர்லினில் உல்ரிக்கே ஷ்டைன் குழுவினர் கண்டறிந்த மேக்1 மரபணு மிகையாகச் செயல்படும் கட்டிகள் பரவும் வாய்ப்பு கூடுதல். செல்லின் நகர்வைத் தூண்டும் மெட் ஏற்பியை அது முடுக்கிவிடுகிறது. இப்படிப் பிரிந்த செல்கள், குடலின் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் அங்கே போய்ச் சேர்கின்றன. நாங்கள் வாங்கிய சோதனையோ டி.என்.ஏ.வின் எழுத்துகளை மட்டுமே வாசிக்கிறது. மரபணுக்களின் செயல் அளவை அது அளப்பதே இல்லை. விளம்பரத் தாளில் 'உங்கள் புற்றுநோயின் முழு மரபணு வரைபடம்' என்று அச்சிட்டிருப்பது ஆகவே சரியன்று.

பி-ராஃப் என்ற இன்னொரு மரபணுவில் மாற்றம் இல்லை என்றும், டி.என்.ஏ. நகலெடுப்பில் நேரும் பிழைகளைச் செல் திருத்துகிறதா என்பதைக் காட்டும் எம்.எஸ்.ஐ. நிலையாக உள்ளது (திருத்தம் சரியாக நடக்கிறது) என்றும் அறிக்கை தெளிவாகக் குறிப்பிட்டிருந்தது. இரண்டாவது செய்திக்கு இரண்டு பொருள் உண்டு: பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்து அண்ணனுக்கு உதவ வாய்ப்பு குறைவு; பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும், பரம்பரையாக வரும் லின்ச் நோய்க்குறி இருக்கவும் வாய்ப்பு குறைவு. இதைப் புரியவைக்க அறிக்கையில் ஒரு வாக்கியம்கூட இல்லை. கே-ராஸ் மாற்றம் கட்டியில் மட்டும் தோன்றியது, பிள்ளைகளுக்குப் போகாது என்பதும் அதில் இல்லை. அண்ணன் மகள் அந்த அச்சத்தில் இரண்டு இரவுகள் தூங்கவில்லை.

அவளுடைய அச்சத்தைத் தீர்த்தவர் ஆய்வகத்தின் மரபணு ஆலோசகர். அரை மணி நேரம் பொறுமையாகத் தமிழிலேயே பேசினார். உடன்பிறந்தவர்கள் கொலோனோஸ்கோபி (பெருங்குடலின் உட்புறத்தைக் குழாய்க் கேமராவால் பார்க்கும் சோதனை) செய்துகொள்ள வேண்டும் என்பதையும் நினைவூட்டினார். அந்த உரையாடல் கட்டணத்தில் அடங்கியது என்பதை யாரும் எங்களிடம் முன்னதாகச் சொல்லவில்லை. முதல் பக்கம் முழுவதையும் 'பொருள் தெளிவற்ற மாற்றங்கள்' என்ற பட்டியலால் நிரப்பியதற்குப் பதிலாக, ஆலோசகரின் எண்ணை அங்கே போட்டிருக்கலாம்.

பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு மருந்தைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தயங்காமல் செய்துகொள்ளலாம். பிளாக்கில் புற்றுச்செல்கள் போதுமா என்பதை மட்டும் அனுப்புமுன் நோயியல் மருத்துவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அண்ணனுக்கு இப்போது கீமோதெரபியுடன், கட்டிக்குப் புதிய இரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் தரப்படுகிறது. நான்காம் சுற்று முடிந்துள்ளது. அவருடைய கோப்பில் அந்த மூன்றாம் பக்கத்தைத்தான் மருத்துவர் மேலே வைத்திருக்கிறார்.