சடைமுடிக்கு மெழுகு தடவ விடாதீர்கள்

3 வருடம் வளர்த்த சடைமுடியில் 11 சடைகளைப் போன மாதம் அடியோடு வெட்டி எறிந்தேன். சடையைச் சரிசெய்ய அறுகம்குடாப் பக்கம் போக நினைக்கும் கல்லடி, ஆரையம்பதி, கல்முனைப் பிள்ளைகள் இதைக் கடைசிவரை வாசியுங்கள்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். அந்தப் புதுமுடியைக் கொக்கி ஊசியால் சடைக்குள் இழுத்துச் சேர்க்க வேண்டும். இங்கே அதைச் செய்பவர் யாரையும் எனக்குத் தெரியாததால், ஆகஸ்டில் பஸ் ஏறி அக்கரைப்பற்று வழியாக அறுகம்குடாவை அடுத்த பொத்துவில் போனேன். சீசன் நேரம், கடையில் நல்ல கூட்டம். 42 சடைகளுக்கு 15,000 ரூபாய் கேட்டார்கள். கொடுத்தேன்.

செய்த இளைஞன் ஒரு வட்ட டப்பாவைத் திறந்தான். மஞ்சள் நிறம், தேன் வாசம். என்னவென்று கேட்டேன். “சடைக்கென்றே வருகிற கிறீம் அண்ணன், கழுவினால் போய்விடும்” என்றான். பொய். அது தேன்மெழுகு. அது உருக 62 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் தண்ணீரை ஊற்றினால் தலைத்தோல் வெந்துவிடும். சாதாரண ஷாம்பூவுக்கும் அது அசையாது.

சடையை ஒட்டி உருவாக்க வேண்டிய தேவையே இல்லை. நாளாந்தம் உதிரும் முடி வெளியே விழாமல் உள்ளேயே சிக்கி, உராய்ந்து, இறுகித்தான் சடையாகிறது. மெழுகு அந்த அசைவை நிறுத்திவிடுகிறது. போதாததற்குத் தூசியையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

இழுத்த இழுப்பு அதைவிடக் கொடுமை. கண்ணின் ஓரம் மேலே ஏறியது. வலிக்கிறது என்றேன். “இரண்டு நாளைக்கு அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு இன்னும் முறுக்கினான். மூன்றாம் நாள் நெற்றிப்பொட்டின் ஓரமாக வெள்ளை முனையோடு சிறு கொப்புளங்கள் வந்தன. பிறகு அந்த இடத்தில் முடி மெலிந்து தோல் தெரிய ஆரம்பித்தது. தொடர்ந்து இப்படி இழுபட்டால் வேர் வடுவாகி, அந்த இடத்தில் முடி திரும்ப வராமலே போகலாம் என்று தோல் மருத்துவர் சொன்னார்.

நவம்பரில் மாரி தொடங்கியது. “மகன், தலையணை ஊறின துணி மாதிரி மணக்கிறது” என்றார் அம்மா. ஒரு சடையை பிளேடால் நெடுக்காகக் கீறிப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறப் பசை. அதில் என் துவாயின் நீல நூல்கள், கரும்புள்ளிகள். தலைக்குக் குளித்து இரண்டு நாளாகியும் உள்ளே ஈரம் காயவில்லை. என் தலைக்குள் இதையா சுமந்து திரிந்தேன் என்று அழுகையே வந்துவிட்டது.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். நான் ஒழுங்காகக் கழுவவில்லையாம். மறுமுறை அழைத்தபோது எடுக்கவே இல்லை.

இப்போது வாரம் ஒருமுறை காலையிலேயே கழுவி, சடை சடையாகப் பிழிந்து, உள்ளே காயும்வரை மின்விசிறிக்கு முன்னால் இருக்கிறேன். கடலில் குளித்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசுகிறேன். தேங்காய் எண்ணெயை அள்ளிப் பூசுவதையும் விட்டுவிட்டேன். யாரிடம் போனாலும் டப்பாவை வாங்கி முகர்ந்து பாருங்கள். வலித்தால் பாதியிலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ மெழுகில்லாமல் ஊசியால் மட்டும் செய்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தலைத்தோல் ஆறியதும் மிச்சமிருக்கும் 31 சடைகளுக்கும் வேர்ப்பக்கத்துப் புதுமுடியைச் சேர்க்க வேண்டும்.