கல்யாண மோதிரம்: அரண்மனைத் தங்கமா, ஹாரியின் பிளாட்டினமா?

தங்கைக்கு அடுத்த மாதம் கல்யாணம். தாலியைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் இல்லை. 22 காரட், பத்தரிடம் சொல்லியாகிவிட்டது. குழப்பமெல்லாம் மோதிரத்தில்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் சொந்தபந்தங்களின் வீடுகளில் தாலி கட்டி முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு மோதிரம் மாற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. தங்கை தன் போனில் இளவரசர்கள், நடிகைகள், அதிபர் மனைவிகள் என்று எல்லோருடைய மோதிரப் படங்களையும் சேர்த்து வைத்திருக்கிறாள். "அக்கா, உன்னுடையது மாதிரி வாங்கட்டுமா, அத்தானுடையது மாதிரி வாங்கட்டுமா?" என்று கேட்டாள்.

என் விரலில் இருப்பது 22 காரட் தங்க வளையம். அவர் விரலில் இருப்பது பிளாட்டினம். கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே அளவு வேலை பார்த்து, ஒரே அளவு அடிபட்டவை. அதனால் இந்த இரண்டையும் பற்றி என்னால் பேச முடியும். நான் தங்கத்தின் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சள் பிடிக்கும், வெள்ளை பிடிக்கும், அவரவர் கண். நம் நிறத்துக்கு மஞ்சள் எடுப்பாக இருக்கும் என்று என் அத்தை சொல்வார். நானும் அதை நம்புகிறேன்.

தங்கையின் போனில் முதலில் வருவது பிரிட்டன் அரச குடும்பம். 1923-ல் எலிசபெத் ராணியின் அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது வேல்ஸ் நாட்டின் கிளாகவ் சுரங்கத்துத் தங்கத்தில் மோதிரம் செய்தார்கள். அந்தக் கட்டியில் மீந்ததை எடுத்து வைத்து 1947-ல் எலிசபெத்துக்கு, 1960-ல் அவர் தங்கை மார்கரெட்டுக்கு, 1973-ல் எலிசபெத்தின் மகள் ஆனுக்கு, 1981-ல் மருமகள் டயானாவுக்கு என்று தொடர்ந்து மோதிரம் செய்தார்கள். டயானாவின் மகன்கள் வில்லியம், ஹாரி இருவரின் மனைவிகளான கேத்தரினுக்கும் மேகனுக்கும் கூட வேல்ஸ் தங்கம்தான். கல் கிடையாது, வெறும் வளையம். உலகத்து வைரமெல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் எலிசபெத் ராணி தன் கல்யாணத்துக்கு அந்த வெறும் வளையத்தைத்தான் போட்டுக்கொண்டார். 2022-ல் இறக்கும் வரை, ஏறக்குறைய 75 வருடம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டு வழக்கம்தான் ஞாபகம் வந்தது. பாட்டியின் வளையல் உடைந்தால் அம்மாவுக்குக் கம்மல், அம்மாவின் சங்கிலி தேய்ந்தால் பேத்திக்குக் காப்பு. என் மோதிரமும் அப்படி வந்ததுதான். மாமியாரின் ஒற்றை வளையல் நசுங்கிப் பல வருடமாக டப்பாவில் கிடந்தது. அதைக் கிரே தெருப் பத்தரிடம் கொடுத்து உருக்கி வளையமாக்கினோம். (தெருவின் பெயர் இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. எங்கள் வாயில் இன்னும் கிரே தெருதான்.) செய்கூலி மட்டும்தான் செலவு.

அவர் பிளாட்டினம் கேட்டதற்கும் நல்ல காரணம் இருந்தது. "உலகத்தில் எடுக்கும் பிளாட்டினத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் நம் நாட்டில்தான் எடுக்கிறார்கள். நம் மண்ணின் உலோகம்" என்றார். உண்மைதான். 1924-ல் ஹான்ஸ் மெரென்ஸ்கி என்ற புவியியலாளர் கண்டுபிடித்த பிளாட்டினத் தாதுப் படிவு ருஸ்டன்பர்க் நகரத்துப் பக்கம் இன்றும் வெட்டப்படுகிறது. 2018-ல் இளவரசர் ஹாரி போட்டுக்கொண்டதும் பிளாட்டினம்தான், மேற்பரப்பில் சொரசொரப்பு வைத்தது. மேகனுக்கு மஞ்சள், ஹாரிக்கு வெள்ளை, எங்களைப் போலவே! எலிசபெத் ராணியின் நிச்சயதார்த்த மோதிரமும் பிளாட்டினம்தான்; அதிலுள்ள வைரங்கள் மாமியார் ஆலிஸின் கிரீடத்திலிருந்து எடுத்தவை.

பிளாட்டினத்தின் நல்ல குணங்களை மறைக்கக் கூடாது. கறுக்காது. வெள்ளைத் தங்கத்துக்குப் பூசுவது போல ரோடியம் முலாம் திரும்பத் திரும்பப் பூச வேண்டியதில்லை. கீறல் விழும், ஆனால் உலோகம் பெரும்பாலும் உதிராமல் ஓரமாக ஒதுங்கி நிற்கும். தங்கமோ கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும். ஒன்பது வருடத்தில் என் மோதிரத்தின் உள்பக்கம் மெலிந்திருப்பது தெரிகிறது. அவருடையது மங்கியிருக்கிறது, மெலியவில்லை.

அப்படியானால் நான் ஏன் தங்கத்தைச் சொல்கிறேன்? ஒரே காரணம், விரல் மாறும்.

மூத்தவன் வயிற்றில் இருந்த ஏழாம் மாதம் என் விரல்கள் வீங்கி மோதிரம் இறங்கவே இல்லை. சோப்பு, எண்ணெய், நூல் எல்லாம் பார்த்தோம். கடைசியில் பத்தரிடம் போனேன். அவர் சின்ன ரம்பத்தால் ஒரு பக்கம் அறுத்து விரித்து எடுத்தார். பிரசவத்துக்குப் பிறகு ஒரு துண்டு தங்கம் சேர்த்துப் பற்றவைத்துக் கொடுத்தார். நான் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. எங்கே அறுத்தார் என்று இன்று எனக்கே தெரியாது. இன்னொரு முறை கனமான அண்டாவைத் தூக்கியதில் வளையம் முட்டை வடிவமாகிவிட்டது. 22 காரட் மெத்தென்றிருப்பதால் வரும் குறை இது. கூம்பு மாதிரி இருக்கும் இரும்புத் தண்டில் மாட்டி மரச்சுத்தியால் நாலு தட்டு தட்டினார், வட்டமாகிவிட்டது. காசு வாங்கவில்லை.

ஐந்தாம் வருடம் அவர் விரலும் தடித்தது. அதே பத்தரிடம் போனோம். மோதிரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என் அடுப்புக்கு இது அடங்காது, தங்கச்சி" என்றார். தங்கம் உருக 1064 டிகிரி போதும். பிளாட்டினத்துக்கு 1768 டிகிரி வேண்டும். தங்க வேலைக்கு வைத்திருக்கும் அரத்தையும் கிடுக்கியையும் அதற்கு அப்படியே பயன்படுத்தக் கூடாதாம். ஒட்டியிருக்கும் தங்கத்தூள் சூட்டில் உள்ளே ஏறிக் கெடுத்துவிடுமாம். சரி என்று மோதிரம் வாங்கிய கடைக்கே போனோம். அவர்கள் ஜோஹன்னஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம். வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு கூலி. திரும்பி வந்தபோது உள்பக்கம் மயிரிழை போல ஒரு கோடு. அதைக் காட்டியதற்கு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று வாரமும் அவர் வெறும் விரலைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எல்லாக் கடையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு நடந்தது ஒரே ஒரு முறை. லேசர் பற்றவைப்பு வைத்திருக்கும் இடத்தில் கோடே தெரியாமல் செய்து தரலாம். ஆனால் டர்பன் புறநகரான எங்கள் சாட்ஸ்வொர்த்திலிருந்து பேருந்து ஏறிப் போய் மதியத்துக்குள் வேலை முடித்து வர முடிகிற உலோகம் தங்கம்தான்.

கல் பதித்த மோதிரம் தங்கையின் அடுத்த ஆசை. ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லிக்கு மொனாக்கோ இளவரசர் போட்டது 10.47 காரட் வைரம். அவருடைய மருமகள், டர்பனில் நீச்சல் பயிற்சி எடுத்த நம் ஊர்ப் பெண் சார்லீன், போட்டுக்கொண்டது பேரிக்காய் வடிவ வைரம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை நிச்சயதார்த்த மோதிரங்கள், மாவு பிசையும் கைக்கானவை அல்ல. கல்லைப் பிடிக்கும் நகங்கள் தேயும், துணியில் மாட்டும், கல் உதிரும். கேத்தரின் கையில் டயானாவின் 12 காரட் நீலக்கல் இருக்கிறது. அதன் கூட இருக்கும் கல்யாண வளையம் வெறும் தங்கம்தான். தினசரிக்கு எது என்று அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். டங்ஸ்டன் மோதிரம் மலிவு, கீறாது. ஆனால் அளவு மாற்றவே முடியாது, அவசரத்துக்கு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மோதிரமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. எலிசபெத் ராணியின் கணவர் பிலிப் போடவில்லை, வில்லியமும் போடுவதில்லை. என் தாத்தாவும் போட்டதில்லை.

விற்கும் விலையைப் பற்றி ஒன்று மட்டும். 2015-லிருந்து பிளாட்டினம் பெரும்பாலும் தங்கத்தைவிட மலிவாகவே இருக்கிறது. அதனால் வாங்கும்போது மிச்சம், விற்கும்போது நஷ்டம். அங்காடி வளாகக் கடைகளில் 9 காரட் நிறைய வைத்திருப்பார்கள். அதில் தங்கம் 37.5 சதவீதம்தான், 22 காரட்டில் 91.6. உள்பக்கம் 375 என்று இருக்கிறதா, 916 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

தங்கை சனிக்கிழமை மாப்பிள்ளையோடு வருகிறாள். காலையில் விரல் கொஞ்சம் உப்பியிருக்கும், அதனால் மதியத்துக்கு மேல்தான் அளவு எடுக்க வேண்டும் என்று பத்தர் சொல்லியிருக்கிறார். அம்மாவின் ஒற்றைக் கம்மல், அறுந்த சங்கிலித் துண்டு இரண்டு, எல்லாம் சேர்த்து எடை போட்டேன். ஏழு கிராம் வருகிறது. இரண்டு வளையத்துக்கு இன்னும் ஒரு கிராம் தேவைப்படலாம். அதை நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.