இடுப்புக் கொழுப்புக்கு ஹைஃபு: போன மாதம் செய்தவர்களுக்கும் போன வருஷம் செய்தவர்களுக்கும்

கண்டியிலோ கொழும்பிலோ ஹைஃபு (ஒலி அலையைக் குவித்துக் கொழுப்பைக் குறைக்கும் சிகிச்சை) செய்துகொண்டு ஹட்டன், நுவரெலியாப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே மனம் விட்டுப்போகிறது. தராசில் எடை அப்படியே நிற்கும். வயிறு லேசாக வீங்கி முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். பயப்பட வேண்டாம். குவித்து விடும் ஒலி அலை சுமார் 13 மில்லிமீற்றர் ஆழத்தில் ஒரு புள்ளியில் கூடி, 55 பாகைக்கு மேல் சூடேற்றிக் கொழுப்புக் கலங்களைச் சாகடிக்கிறது. செத்ததை உடம்பு மெல்ல மெல்லத்தான் அகற்றும். 8 வாரத்துக்கு முன் அளந்து பார்த்துப் பயனில்லை. 12ஆவது வாரத்து அளவுதான் கணக்கு. ஒரு தடவைக்கு இடுப்பில் 2 முதல் 2.5 சென்றிமீற்றர் குறைந்தால் அது நல்ல பலன்.

அளப்பதற்கும் முறை உண்டு. காலையில் வெறும் வயிற்றில் நின்று, மூச்சை விட்டு முடித்ததும், தொப்புள் மட்டத்தில், எப்போதும் ஒரே நாடாவால் அளக்க வேண்டும். நாடா கொஞ்சம் சரிந்தாலும் வந்த பலன் அதிலேயே மறைந்துவிடும்.

காசு கட்டுமுன் தொப்புளுக்குப் பக்கத்தில் கிள்ளிப் பாருங்கள். 2.5 சென்றிமீற்றர் தடிப்புக்குக் குறைந்தால் வேண்டாம். அலை குவியும் இடம் தசையை நெருங்கிவிடும். வயிறு முன்தள்ளியிருந்தும் கையில் ஒன்றும் பிடிபடாவிட்டால், கொழுப்பு குடலைச் சுற்றி இருக்கிறது. அதை ஹைஃபு தொடாது. நம் ஆண்கள் பலருக்கு இதுதான் நிலைமை, அதனால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

எந்த கார்ட்ரிட்ஜ் (அலை குவியும் ஆழத்தைத் தீர்மானிக்கும், மெஷினில் மாட்டும் முனை) என்று கட்டாயம் கேளுங்கள். 1.5, 3, 4.5 மில்லிமீற்றர் எல்லாம் முகத்துக்கானவை. வயிற்றில் போட்டால் தோல் கொஞ்சம் இறுகலாம், அவ்வளவுதான். 200 கிலோஹேர்ட்ஸில் அதிர்வால் கலத்தை உடைக்கும் மெஷின் வேறு. அதில் நோவு குறைவு, ஆனால் இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை போக வேண்டும்.

சூட்டு முறையில் ஒவ்வொரு ஷாட்டும் (அலை பாயும் ஒவ்வொரு தடவையும்) விழும்போது உள்ளே சுள்ளென்று குத்தும். இடுப்பெலும்புக்கு அருகில் இன்னும் கூடும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதீர்கள். ஒரு சுற்றின் சக்தியைக் குறைத்து, சுற்றுகளைக் கூட்டச் சொல்லுங்கள். மொத்த சக்தி ஒன்றாக இருந்தால் பலன் குறையாது. தோலில் பூசும் ஜெல்லையும் கவனியுங்கள். குளிரான இடத்தில் அது இறுகி, பரவாமல் நிற்கும். இடையில் காற்றுப் புகுந்தால் அலை உள்ளே போகாமல் தோலிலேயே சுட்டுக் கொப்புளம் வரும். வெதுவெதுப்பாக்கி, தோலில் வைக்கும் மெஷின் தலைப்பு முழுதும் படியப் பூச வேண்டும்.

கன்றிய நிறமும் தொட்டால் நோவும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். வளைவுப் பாதையில் பஸ் பயணம் அன்றைக்குச் சிரமம். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் அந்த நாட்களில் இடுப்பில் சுற்றும் படங்கை இறுக்கிக் கட்டக்கூடாது. தடவினால் தட்டுப்படும் சிறு கட்டிகள் சில வாரத்தில் கரைந்துவிடும். கொப்புளமோ, நாளுக்கு நாள் கூடும் நோவோ வந்தால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள்.

கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், வோபரின், குளோப்பிடோக்ரல் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து குடிப்பவர்கள் இதைச் செய்யக்கூடாது. சிசேரியன், எல்.ஆர்.டி. (பெண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்) தழும்பின் மேல் தலைப்பை வைக்க விடாதீர்கள்.

ஒரு வருஷம் கழித்து? செத்த கலங்கள் திரும்பி வராது, ஆனால் மிஞ்சியவை பருத்துப் பெரிதாகும். மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி, சீனி கூடிய பிளேன்டீ என்றே போனால் பழைய அளவு வந்துவிடும். இரண்டாம் தடவைக்கு முன்கூட்டியே பெக்கேஜ் காசு கேட்டால், 12 வார அளவைப் பார்த்த பிறகு கட்டுவதாகச் சொல்லுங்கள்.