சிங்கிள் பேஸில் த்ரீ பேஸ் சிஎன்சி மில்லிங்: விஎஃப்டியா, ரோட்டரியா, ஈபி இணைப்பா?

கொரட்டூரிலோ கொளத்தூரிலோ வீட்டின் தரைத்தளத்தில் பட்டறை போட்டிருப்பவர், பழைய சிஎன்சி மில்லிங் மெஷின் (கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தைச் சீவும் மெஷின்) ஒன்றை விலை பேசப் போனால் முதலில் இடிப்பது கரண்ட்தான். மெஷினின் பெயர்ப்பலகை 415 வோல்ட், 3 பேஸ், 50 ஹெர்ட்ஸ் என்கிறது. பட்டறையில் இருப்பது 230 வோல்ட் சிங்கிள் பேஸ். "கன்வெர்ட்டர் போட்டா ஓடிடும்" என்று விற்பவர் சொல்வார். எந்தக் கன்வெர்ட்டர், மெஷினுக்குள் எதை ஓட்டுவதற்கு என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் பேனல் கதவைத் திறந்து மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டார் எத்தனை கிலோவாட், அச்சுகளை நகர்த்தும் சர்வோ டிரைவுகளின் இன்புட் எத்தனை வோல்ட், கூலண்ட் பம்பு போல நேரடியாக 415-இல் ஓடும் சின்ன மோட்டார்கள் எத்தனை. எந்த வழி சரிவரும் என்பதை இந்த மூன்றும் சொல்லிவிடும்.

கண்டென்சர் வழியை முதலிலேயே தள்ளிவிடலாம். ஊரில் வயல் பம்புசெட்டை இரண்டு பேஸ் வரும்போது கண்டென்சர் போட்டு ஓட்டுவதைப் பார்த்தவர்கள் அதையே இங்கும் கேட்கிறார்கள். வயலில் இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட் இருக்கிறது. மூன்றாவதை ஏமாற்றினால் போதும். சென்னை வீட்டு இணைப்பில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 மட்டுமே. அதோடு, பம்பின் லோடு மாறாதது. ஸ்பிண்டில் லோடோ கட்டர் உலோகத்தைத் தொட்ட நொடியில் ஏறும், விட்ட நொடியில் இறங்கும். ஒரே அளவு கண்டென்சர் இதற்கு ஈடுகொடுக்காது.

விஎஃப்டிதான், அதாவது மோட்டாருக்குப் போகும் வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் மாற்றித் தரும் டிரைவ்தான், சின்ன மெஷினுக்குச் சரியான வழி. ஆனால் அது ஒரு மோட்டாருக்கான கருவி, மெஷின் முழுவதற்குமானது இல்லை. மெயின் ஸ்விட்சுக்கு முன்னால் ஒரு விஎஃப்டியை வைத்து மொத்தப் பேனலுக்கும் அதிலிருந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. விஎஃப்டியின் அவுட்புட் சைன் அலை அல்ல, துண்டு துண்டான பல்ஸ். கண்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும், 24 வோல்ட் சப்ளை போகும், ஓடும்போது நடுவில் ஒரு கான்டாக்டர் (மோட்டாருக்கான காந்த ஸ்விட்ச்) திறந்தால் விஎஃப்டியே போகும்.

சிங்கிள் பேஸ் 230 இன்புட் விஎஃப்டி தருவது த்ரீ பேஸ் 230. அது 415 ஆகாது. அதனால் மோட்டாரை ஸ்டாரிலிருந்து (மூன்று காயில்களின் ஒரு முனை ஒரே முடிச்சில்) டெல்டாவுக்கு (காயில்கள் முக்கோணமாக) மாற்ற வேண்டும். நம் ஊர் மோட்டார்களில் சுமார் 3 ஹெச்பி வரை பெரும்பாலும் 415 ஸ்டார் வைண்டிங். அதை டெல்டாவாக்கினால் 240 வோல்ட் மோட்டார் ஆகிவிடும். டெர்மினல் பெட்டியைத் திறந்தால் மேல் வரிசையில் W2, U2, V2, கீழ் வரிசையில் U1, V1, W1 என்று ஆறு திருகுகள். ஒரு வரிசையின் மூன்றையும் கிடைமட்டமாகச் சேர்க்கும் பித்தளைப் பட்டைகளைக் கழற்றி, மேலும் கீழுமாக மூன்று பட்டை போட வேண்டும். மூன்று ஒயர் மட்டுமே வெளியே வந்தால் ஸ்டார் முடிச்சு காயிலுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். வைண்டரிடம் கொடுத்து முடிச்சைப் பிரித்து ஆறு முனைகளை வெளியே எடுக்கச் சொல்லலாம். 5 ஹெச்பிக்கு மேல் பலகையில் 415 டெல்டா என்றிருந்தால் இந்த வழி மூடிவிட்டது: 230-இல் அந்த மோட்டார் முழு டார்க்கோடு (முறுக்கு விசையோடு) சுமார் 28 ஹெர்ட்ஸ் வரைதான் போகும்.

டெல்டாவில் கரண்ட் 1.73 மடங்கு. 415 ஸ்டாரில் 3.4 ஆம்பியர் எடுத்த 2 ஹெச்பி மோட்டாருக்கு விஎஃப்டியில் 5.9 ஆம்பியர் என்று செட் செய்ய வேண்டும். பழைய எண்ணையே விட்டுவைத்தால் கட்டர் உலோகத்தில் இறங்கியதும் ஓவர்லோடு டிரிப். அடிப்படை ஃப்ரீக்வென்சி (base frequency) 50, மோட்டார் வோல்டேஜ் 230, வேகம் ஏறும் நேரம் 3 முதல் 5 நொடி. வேகம் இறங்கும் நேரத்தைக் குறைத்தால் ஓவர்வோல்டேஜ் வரும். பிரேக் ரெசிஸ்டர் போட்டபின் குறைக்கலாம். 2.2 கிலோவாட் விஎஃப்டி முழு லோடில் 230 பக்கம் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்: 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி, 32 ஆம்பியர் சி கர்வ் எம்சிபி, தனி எர்த். த்ரீ பேஸ் இன்புட் விஎஃப்டியைச் சிங்கிள் பேஸில் ஓட்ட நினைத்தால் அதன் திறனில் பாதியைத்தான் கணக்கில் வைக்கலாம். சில மாடல்கள் பேஸ் லாஸ் என்று சொல்லி எழும்பவே எழும்பாது.

சென்னைக்கே உரிய ஒரு விஷயம் சூடு. பெரும்பாலான விஎஃப்டிகள் 40 டிகிரிக்கு மேல் திறன் குறையும். மே மாதத்துத் தகரக் கூரைக்குக் கீழ், மூடிய பேனலுக்குள் அது சுலபமாகத் தாண்டிவிடும். ஒரு சைஸ் பெரியதாக வாங்கி, கூலண்ட் ஆவியும் காஸ்டிங் தூளும் படாத தனிப் பெட்டியில் வையுங்கள்.

ஸ்பிண்டிலுக்கு விஎஃப்டி, அச்சுகளுக்கு 750 வாட் சர்வோக்கள். அந்த அளவு டிரைவுகளில் பல சிங்கிள் பேஸ் 220-ஐயே ஏற்கும். கூலண்ட் பம்பைச் சிங்கிள் பேஸுக்கு மாற்றிவிட்டால் பிறகு சிஎன்சியாக மாற்றிய (ரெட்ரோஃபிட்) ‘நீ’ டைப் (knee, மேசை மேலும் கீழும் நகரும்) மில்லுக்கு வேறெதுவும் தேவைப்படாது.

ரோட்டரி கன்வெர்ட்டர் பழைய, பல மோட்டார் உள்ள மெஷினுக்கு. 230-ஐ 415 ஆக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அதன் பின்னால் சும்மா சுற்றும் ஒரு த்ரீ பேஸ் மோட்டார். இந்த ஐட்லர் மூன்றாவது பேஸை உண்டாக்குகிறது. சிஎன்சி ஸ்பிண்டில் சட்டென்று வேகம் பிடிப்பதால் ஐட்லர் அதைப் போல் இரண்டு மடங்காவது வேண்டும்: 3 ஹெச்பிக்கு 5 போதாது, 7.5 போடுங்கள். இவ்வளவு பெரிய மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால் வீதி விளக்கே மங்கும் அளவுக்கு இழுக்கும். அரை ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டாரைப் பெல்ட்டில் கட்டி 1400 சுற்று வரை கொண்டுவந்து, பிறகு கரண்ட் கொடுப்பதே நல்லது.

தொல்லை மூன்றாவது பேஸில் இருக்கிறது. லோடு ஏறினால் அது இறங்கும். 415, 415, 388 என்று காட்டினால் சராசரி 406, வித்தியாசம் 4.4 சதவீதம். கேட்கச் சின்ன எண். ஆனால் வைண்டிங் சூடு கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடும், ஏனென்றால் அது வித்தியாசத்தின் வர்க்கத்தைப் போல் இரண்டு மடங்காக வளர்கிறது. மோட்டார் ரன் கண்டென்சர்களை 5 மைக்ரோஃபாரட் படிகளில் சேர்த்து, கட்டர் ஓடும் லோடிலேயே வோல்டேஜைச் சமன் செய்ய வேண்டும். கண்ட்ரோலுக்கும் 24 வோல்ட் சப்ளைக்கும் நிஜமான இரண்டு லைன்களிலிருந்து மட்டும் கொடுங்கள். உண்டாக்கிய லைனில் கொடுத்தால் ஸ்பிண்டில் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் கண்ட்ரோலர் ரீசெட் ஆகும்.

டிஜிட்டல் பேஸ் கன்வெர்ட்டர் இந்தச் சமன்வேலையை எலக்ட்ரானிக்ஸில் செய்துவிடுகிறது, சத்தமும் இல்லை. விலை அதிகம். ஸ்பிண்டில் பிரேக் போடும்போது திரும்பி வரும் பவரை அது தாங்குமா என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

விஎம்சி (ஸ்பிண்டில் செங்குத்தாக நிற்கும் பெரிய சிஎன்சி மெஷினிங் சென்டர்) என்றால் பேச்சே வேறு. பிடி40 அளவு டூல் ஹோல்டர் பிடிக்கும் ஸ்பிண்டில் 5.5 அல்லது 7.5 கிலோவாட், மொத்தம் 15 கேவிஏ வைத்துக்கொண்டாலும் 230-இல் 65 ஆம்பியர். தமிழ்நாட்டில் சிங்கிள் பேஸ் இணைப்பு 4 கிலோவாட் வரைதான். 400 வோல்ட் டிரைவுகள் உள்ள மெஷினில் 415-ஐ டிசியாக்கினால் (ரெக்டிஃபை) 587 வோல்ட் டிசி, 230-இல் 325. அண்டர்வோல்டேஜ் அலாரம் வராமல் இருக்க வழியே இல்லை. இங்கே த்ரீ பேஸ் இணைப்பு மட்டும்தான் விடை.

அதற்கு மனுப் போடும் முன் மீட்டர் பலகையைப் பாருங்கள். ஏசி போட்ட பல வீடுகளில் மூன்று ஃப்யூஸ் கேரியர் ஏற்கெனவே இருக்கும். மாடிக்கொரு பேஸாகப் பிரித்திருப்பார்கள். அப்படியிருந்தால் லோடு கூட்டுவதும் தாரிஃப் மாற்றுவதும்தான் பாக்கி. வீட்டுத் தாரிஃபில் ஜாப் ஒர்க் ஓட்டுவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் வரும். பிடிபட்டால் உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு. வாடகை இடத்தில் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தை முன்பே வாங்கிவிடுங்கள், அங்கேதான் அதிகம் இழுபடும்.

இணைப்பு வந்ததும் பேஸ் ஃபெயிலியர் ரிலே போடாமல் மெயினை ஏற்றாதீர்கள்; கம்பத்தில் ஒரு ஃப்யூஸ் போனால் மிச்ச இரண்டு பேஸில் மோட்டார் முனகிக்கொண்டே எரியும். பிறகு கூலண்ட் பம்பை மட்டும் ஓட விடுங்கள். தண்ணீர் பீய்ச்சாமல் ஒழுகினால் பம்பு தலைகீழாகச் சுற்றுகிறது. மெயினை இறக்கி, உள்வரும் இரண்டு ஒயர்களை மாற்றிக் கட்டியபின் மற்றவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.