ஒற்றை ரேமிலிருந்து ஜோடி ரேமுக்கு: வீட்டுக் கணினியில் மூன்று ஆண்டு அனுபவம்

2022 கடைசியில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கடையில் சொல்லி இந்தக் கணினியைப் பொருத்தி வாங்கினேன். ரைசன் 5 5600ஜி பிராசசர், எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகையாக பி450 மதர்போர்டு, கோப்புகளைச் சேமிக்க 500 ஜிபி எஸ்எஸ்டி. ஓடும் வேலைகளுக்கான தற்காலிக நினைவகமான ரேம் 8 ஜிபி, அதுவும் ஒரே ஒரு ஸ்டிக். தனி கிராபிக்ஸ் கார்டு வாங்குமளவு அப்போது கையில் பணம் இல்லை. 5600ஜி-யின் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, அதை வைத்துச் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த உள் கிராபிக்ஸ் எதை நம்பி ஓடுகிறது என்று அன்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பைச் சுற்றி மூன்று பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். அக்காள் மகன் படிப்புக்காக எங்களோடு தங்கியிருக்கிறான். இரவு வீட்டுப் பாடம் முடிந்ததும் ஒரு மணி நேரம் இருவரும் விளையாடுவோம். நாள் முழுக்க ஆலையில் இருந்துவிட்டு வருகிற எனக்கு அந்த ஒரு மணி நேரம் முக்கியம். முதல் மாதமே அவன் சொல்லிவிட்டான்: "மாமா, ஆளு ஓடி வரல, படம் படமா நின்னு நின்னு வரான்."

ஜிடிஏ 5 விளையாட்டை நடுத்தர அமைப்பில் வைத்தால் நொடிக்கு 34, 35 பிரேம், அதாவது அத்தனை படம்தான். அதைவிட மோசம், திரும்பும்போதெல்லாம் ஒரு கணம் உறைந்து நிற்கும். ரேம் போதவில்லை போலிருக்கிறது, 16 ஆக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பாதிதான் சரி. கொள்ளளவு ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் வேறு.

நான் செம்பனை ஆலையில் எடை மேடைக் கிராணி (எழுத்தர்). காய் அதிகம் விழும் மாதங்களில் லாரிகள் வாசலைத் தாண்டிச் சாலை வரைக்கும் நிற்கும். அப்போது உள்ளே இருக்கிற முற்றத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிசை குறையாது, ஏனென்றால் எடை மேடை ஒன்றுதான். இரண்டாவது மேடையைத் திறந்தால்தான் லாரி நகரும். ரேமும் அப்படித்தான். ஜிபி என்பது முற்றம், ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே தரவு போகும் வழியான சேனல் என்பது எடை மேடை. டிடிஆர்4 என்ற தலைமுறையில் 3200 வேக ரேம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவு போய்வரும். இரண்டைச் சரியான இடத்தில் போட்டால் அது 51.2. தனி கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்று சொந்த நினைவகம் இருக்கும். 5600ஜி-க்கு அப்படி எதுவும் கிடையாது. விளையாட்டின் படம், சுவர், மரம், நிழல் எல்லாம் இதே ரேமிலிருந்துதான் வரவேண்டும், அதே நேரத்தில் பிராசசரும் அதே வழியில்தான் போய்வரும். போதாததற்கு, 8 ஜிபியில் 2 ஜிபியை, மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில் கிராபிக்ஸுக்கு ஒதுக்கி வைத்திருந்தேன். மிச்சம் ஆறில் விண்டோஸ், குரோம், டிஸ்கார்ட், விளையாட்டு எல்லாம்.

2023 தொடக்கத்தில் இணையத்தில் மலிவாக ஒரு பழைய 8 ஜிபி ஸ்டிக் வாங்கினேன். வேறு கம்பெனி, 2666 வேகம். அப்படிக் கலந்து போட்டால் இரண்டுமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும், அது தெரிந்தேதான் வாங்கினேன். தெரியாதது, அந்த ஸ்டிக்கே பழுதானது என்பது. முதல் இரண்டு நாள் ஜோராக ஓடியது. மூன்றாம் நாள் விளையாட்டின் நடுவில் நீலத் திரை வந்து கணினி நின்றுவிட்டது. அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை. நான் விண்டோஸைச் சந்தேகப்பட்டேன், கிராபிக்ஸை இயக்கும் டிரைவர் மென்பொருளைச் சந்தேகப்பட்டேன், ஒரு சனிக்கிழமை முழுக்க எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டேன். கடைசியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். என் பழைய ஸ்டிக்கில் ஒரு பிழையும் இல்லை. புதிதாக வந்ததில் திரை முழுக்கப் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். படம் பிடித்து அனுப்பிய பிறகு விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து எந்த ரேம் வந்தாலும் முதல் இரவு மெம்டெஸ்டில் ஓடாமல் என் கணினியில் தங்குவதில்லை. இதை நான் எல்லாருக்கும் கெஞ்சிச் சொல்கிறேன். ஒரு சின்ன ரேம் பிழை, நீங்கள் சேமித்து வைத்த கோப்புகளையே சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

அடுத்த வாரம் என் ஸ்டிக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஈப்போவுக்கே போனேன். அதே கம்பெனி, அதே வேகம், ஸ்டிக்கரில் அதே எண் இருப்பதைப் பார்த்து வாங்கினேன். 95 வெள்ளி (ரிங்கிட்).

பொருத்துவது கடினமில்லை, நிதானம் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போக, பவர் சப்ளையின் பூச்சில்லாத இரும்பைத் தொட வேண்டும். நான்கு இடம் இருக்கும் மதர்போர்டில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் ஜோடி. பக்கத்துப் பக்கத்தில் போட்டால் கொள்ளளவு 16 என்று காட்டும், ஆனால் எடை மேடை ஒன்றுதான் திறந்திருக்கும். ஸ்டிக்கின் அடியில் இருக்கும் வெட்டு நடுவில் இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். அதைப் பார்த்து நேராக வைத்து இரு முனையிலும் கட்டை விரலால் அழுத்தினால் 'டக்' என்று பூட்டு விழும். என் போர்டில் ஒரு பக்கம்தான் பூட்டு. மறுபக்கம் சரியாக இறங்கியதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்யவேண்டும்.

பவரைப் போட்டதும் திரை கறுப்பாக நின்றது, ஒருமுறை தானாகவே அணைந்து எழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்றும் செய்யாமல் காத்திருப்பதுதான் அங்கே செய்யவேண்டியது. புது ரேமைப் பார்த்ததும் போர்டு அதற்கு ஏற்ற நேரக்கணக்குகளைத் தானே முயன்று பார்க்கும். கொஞ்ச நேரம் கழித்துத் திரை வந்தது.

ஜிடிஏ 5-இல் அதே தெரு, அதே அமைப்பு: 50 பிரேம். உறைவது நின்றுவிட்டது. பையன் ஒன்றும் பேசாமல் அரை மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டே இருந்தான்.

நான்கு மாதம் கழித்து அவன்தான் இன்னொன்றைக் கண்டுபிடித்தான். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, "மாமா, பெட்டில 3200-ன்னு போட்டிருக்கு, இங்க 2400-ன்னு இருக்கே?" என்றான். பெட்டியில் எழுதிய வேகம் பல ஸ்டிக்குகளில் தானாக வராது. பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் என் ஸ்டிக் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35-க்கு ஏறி 3200-இல் ஓடும். இயக்கினோம். 50 என்பது 58 ஆனது. ஒரு காசு செலவில்லை. கணினி வாங்கிய நாளிலிருந்து அந்த வேகத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருந்தேன். கடையில் பொருத்திக் கொடுப்பவர்கள் இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் எத்தனையோ பேருக்கு நல்லது.

2024 நடுவில் 32 ஜிபிக்குப் போனேன். காரணம் சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் விளையாட்டு. பையன் அதில் ஒரு நகரத்தை மாதக்கணக்கில் வளர்த்து வந்தான். ரயில் நிலையம், பழைய தோட்டத்து லயம் மாதிரி வரிசை வீடுகள், எல்லாவற்றுக்கும் மாட் (ரசிகர்கள் செய்த கூடுதல் பாகம்) இறக்கிப் போட்டிருந்தான். அந்த விளையாட்டு 16 ஜிபியை விழுங்கிவிட்டு எஸ்எஸ்டியில் இடம் தேடும். சேமிக்கும்போது ஒரு நிமிடம் உறையும். 16 ஜிபி ஸ்டிக் இரண்டு சேர்ந்த பெட்டி 245 வெள்ளி. பழைய எட்டுகளையும் சேர்த்து நான்கு இடத்தையும் நிரப்பலாமே என்று தோன்றும். நான் செய்யவில்லை. இந்த பிராசசருக்கு நான்கு ஸ்டிக் போட்டால், அதைச் செய்யும் ஏஎம்டி நிறுவனம் உறுதி தரும் வேகமே 2933, சில வகை ஸ்டிக்குகளுக்கு 2667. உள் கிராபிக்ஸை நம்பி இருப்பவன் வேகத்தைக் கொடுத்துக் கொள்ளளவு வாங்கக் கூடாது.

அவன் நகரம் இப்போது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மற்ற விளையாட்டுகளில்? என் கண்ணுக்கு எந்த மாற்றமும் இல்லை. அதனால் சொல்கிறேன்: இந்த மாதிரி கணினிக்கு 8 ஜிபி இரண்டு என்பதே பெரும்பாலானவர்களுக்குப் போதும். 32 என்பது காரணம் இருப்பவர்களுக்கு.

அதன்பின் ரேம் தொல்லை கொடுத்தது ஒரே ஒருமுறை. எங்கள் ஊரில் மாலையானால் இடி மின்னல். வானம் இருண்டால் பையன் பிளக்கையே பிடுங்கிவிடுவான், அதனால் இடியால் ஒன்றும் ஆகவில்லை. வந்தது எறும்பு. 2025-இல் ஒருநாள் கணினி எழவே இல்லை, விசிறி மட்டும் சுற்றியது. திறந்தால், நான்காவது இடத்தின் ஓரத்தில் மிளகைவிடச் சின்னதான பொடி எறும்புகள், வெள்ளை முட்டைகளோடு. சூடும் இருட்டும் அதுகளுக்குப் பிடித்துவிட்டது போல. மெல்லிய தூரிகையால் தள்ளிவிட்டு, ஸ்டிக்கைக் கழற்றித் தங்க நிறப் பற்களைப் பார்த்தேன். மங்கலாக, விரல் பட்ட கண்ணாடி மாதிரி ஒரு படலம். பள்ளி அழிப்பானால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் துணியால் துடைத்துப் போட்டேன். ஊதினால் எச்சில் ஈரம் படும். உடனே எழுந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறோம், பெட்டி தரையிலிருந்து மேசைக்கு ஏறிவிட்டது.

சூடு பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மதியம் அறையில் 33, 34 டிகிரி, ஏர்கோன் கிடையாது. இந்த வேகத்தில் ரேம் அதற்கெல்லாம் அசையவில்லை. வண்ண விளக்கு வைத்த ஸ்டிக்குக்கு அதிகம் கொடுக்கத் தேவையில்லை.

விலைதான் இப்போது வருத்தம். 2025 கடைசியிலிருந்து ஏஐ தரவு மையங்களுக்கே நினைவகச் சில்லுகள் போய்க்கொண்டிருக்கின்றன. உலகத்தில் இதன் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். பினாங்கு பத்து காவானிலும் மூவாரிலும் ஆலை வைத்திருக்கும் மைக்ரான், குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நான் கொடுத்த 245 வெள்ளிக்கு அதே ஜோடி இன்று கிடைக்காது. அதனால் அலமாரியில் பழைய டிடிஆர்4 இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

என்னுடைய எட்டுகள் இரண்டும் அலமாரியில்தான் கிடந்தன. எதிர் வீட்டுப் பெண் கல்லூரி வேலைக்கு வைத்திருக்கும் மேசைக் கணினியில் 4 ஜிபி ஒன்றுதான் என்று போன வாரம் தெரிந்தது. அதுவும் டிடிஆர்4தானா என்று முதலில் போர்டின் எண்ணைப் பார்த்தோம். டிடிஆர்3, டிடிஆர்5 என்றால் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், உள்ளேயே இறங்காது. சரியாக இருந்தது. பழைய 4 ஜிபியைக் கழற்றிவிட்டுப் பையன்தான் பொருத்தினான். பவரைப் போட்டதும் திரை கறுப்பாகவே நின்றது, அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "பொறுங்க அக்கா, முதல் தடவை அப்படித்தான் இருக்கும்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் திரை வந்துவிட்டது, 16 ஜிபி.